வெறுஞ்சீட்டில் குடியிருக்கும் மகனுக்கு

அன்புள்ள அருளுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். உன் அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். இந்த முறை நான் அதை விட்டுவிட்டேன். அவர் உன்னோடுதான் இருக்கிறார். நாலு வருடமாக நீ அவரை விட்டபாடில்லை. காலையில் கேட்கிறாய், மாலையில் கேட்கிறாய், நவநாள் வைத்துக் கேட்கிறாய், ஒருசந்தி இருந்து கேட்கிறாய். அவர் எப்போதோ பதில் சொல்லிவிட்டு, இந்தப் பையனுக்குக் காது கேட்கவில்லை என்று வேறு வேலை பார்க்கப் போயிருப்பாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. பள்ளிக்கூடக் கெண்டினில் கறிபாப் பொரித்துக்கொண்டிருக்கும்போது உன் நினைப்பு வந்து இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். நேரில் வந்தால் நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செபமாலையை எடுத்துவிடுவாய். செபமாலை கையில் இருக்கிறவனிடம் ஒரு தாய் எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீ மடித்து வைக்கலாம், ஆனால் நடுவில் பேச முடியாது. உன் செபக்கூட்டத்தில் இதை உரக்கப் படித்தாலும் எனக்குச் சம்மதம். உன்னைப்போல இன்னும் நாலு பேர் அங்கே இருப்பார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து நான் ஈப்போ சிலிபினில் நம் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் பிலோமினா நின்றாள். பத்து காஜா ஆஸ்பத்திரியில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறாள். வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு கம்பளிச் சட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளே வா என்று கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தே, நான் சண்டை போட வரல. அவருக்கு சாமியாரா போகணும்னா போகட்டும், நானே பினாங்குக் குருமடத்துக்கு பஸ் ஏத்தி விடுறேன். கல்யாணம்னா கல்யாணம். ரெண்டும் இல்லாம என்னய நடுவுல நிறுத்தி வச்சிருக்காரு லா."

நீ அவளிடம் கடைசியாக என்ன சொன்னாய் என்று கேட்டேன். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாள் வரைக்கும் பொறுத்திரு, அங்கே ஒரு தெளிவு கிடைக்கும் என்று சொன்னாயாம். "போன வருசமும் அந்தத் திருநாளத்தான் சொன்னாரு, அத்தே. நானும் கூடத்தான் போனேன். மெழுகுவத்தி புடிச்சிக்கிட்டு பவனியில நடந்தேன். அவரு கண்ண மூடிக்கிட்டே நடந்தாரு. திரும்பி வரும்போது பஸ்ல தூங்கிட்டாரு." இதைச் சொல்லும்போது அந்தப் பெண் சிரித்தாள், அருள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எனக்கு மைலோ இறங்கவில்லை.

ஈய விலை விழுந்து சுரங்கத்தை மூடியதிலிருந்து அவள் அப்பாவுக்கு வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். இவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பெண்கள். தைப்பிங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. அவர்களுக்கு வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு பதில் சொல்ல வேண்டும். அதற்குள் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆமாம் என்றோ இல்லை என்றோ. அவ்வளவுதான் விஷயம். இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொல்கிறார். நீ பாடம் நடத்தும் தெலுக் இந்தானிலிருந்து பத்து காஜாவுக்கு பஸ் ஓடுகிறது.

இந்த வியாதி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆலமரத்துக்கு விழுது எங்கிருந்து வரும்? உன் அப்பா ரப்பர் தோட்டத்து உபதேசியார். மாதத்துக்கு ஒருமுறைதான் சாமியார் வருவார். மற்ற நாளெல்லாம் அந்தோணியார் கோயிலுக்குச் சாவி, மணி, செபம் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், ஒருவரையும் அடிக்க மாட்டார், என்னை ஒரு நாளும் பேர் கெடப் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு வாளி வாங்கினால்கூட சிவப்பா பச்சையா என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் ஆண்டவர்தான்.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருடைய அப்பா யாரையும் கேட்காமல் கப்பல் ஏறி வந்தவர். வந்த இடத்தில் ஜப்பான்காரன் சண்டை வந்தது, பஞ்சம் வந்தது, அவருடைய பெண்சாதி காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் சாகும்வரை வீட்டிலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் ஒரே பேச்சுத்தான் வாங்கினார்: "உன்னால வந்தது, நீ எடுத்த முடிவு." அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளை உன் அப்பா. முடிவு எடுக்கிறவன் தலையில்தான் பழி விழும் என்று அவர் சின்ன வயதிலேயே படித்துக்கொண்டார். ஆண்டவர் முடிவு எடுத்தால் யார் பழி சொல்லப் போகிறார்கள்?

நீ நாலாம் வகுப்புப் படித்த வருடம், தோட்டத்தில் பழைய பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். அடிப்பக்கத்து லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்றும் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து என் அண்ணன் சொல்லி அனுப்பினான். அவன் வேலை செய்த பஸ் பட்டறையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, மச்சானை உடனே வரச் சொல்லு என்று. உன் அப்பாவுக்குப் போக ஆசை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சட்டையைத் தேய்த்துக்கூட வைத்துக்கொண்டார். ஆனால் இது தன்னுடைய ஆசை, ஆண்டவருடைய ஆசை எது என்று தெரியவில்லையே என்று சொல்லி, திருவுளச்சீட்டு போட்டுப் பார்ப்போம் என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. காலண்டர் தாளைக் கிழித்து மூன்று சீட்டு. ஒன்றில் 'போ', ஒன்றில் 'இரு', மூன்றாவதில் ஒன்றும் இல்லை. அந்த வெறுஞ்சீட்டு வந்தால் ஆண்டவர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார் என்று அர்த்தமாம். அதை எந்த வேதாகமத்தில் படித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றையும் ஒரே மாதிரி மடித்து, தட்டில் போட்டு, அந்தோணியார் பாதத்தில் வைத்து, செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் உருட்டிச் சொல்லி முடித்து, பாவம் அறியாத பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்று உன்னை முன்னால் தள்ளினார். முகம் கழுவி, பவுடர் போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் நீ நின்றாய். எடுத்துக் கொடுத்தாய். வெறுஞ்சீட்டு.

பொறுத்தோம். என் அண்ணன் மறுபடி சொல்லி அனுப்பினான். அடுத்த மாதம் முதல் வெள்ளி மறுபடி சீட்டு, மறுபடி செபமாலை, மறுபடி நீ. 'இரு' என்று வந்தது. உன் அப்பாவின் முகம் செத்துப்போனது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு, அன்றைக்குப் பையன் பூசையில் தரும் நன்மை வாங்கவில்லை, அதனால் சீட்டு சரியில்லை என்று ஒரு காரணம் கண்டுபிடித்தார். சாமியார் வந்து பூசை வைத்து, நீ நன்மை வாங்கி, மூன்றாம் தடவை எடுத்தாய். 'போ'. லயமே கேட்கும்படி "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று சத்தம் போட்டார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஈப்போ போனார். பட்டறையில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து வேலை பழகிக்கொண்டிருந்தான். சாயந்திரம் திரும்பி வந்து கோயில் படியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார்: "ஏன் இப்படி செஞ்சாரு? போன்னு அவர்தான சொன்னாரு?"

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அவர்மேல் இல்லை, அந்தத் தட்டின்மேல். பொறுக்கச் சொன்னார், இருக்கச் சொன்னார், போகச் சொன்னார் என்று ஆண்டவரை ஒரு குடிகாரனைப்போல ஆக்கிவிட்டோமே என்று இருந்தது. அதைவிடக் கோபம் உனக்காக. நாங்கள் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையை உன் கையில் கொடுத்தோம். பட்டறை வேலை போனது என்று தெரிந்த அன்று நீ சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்து, "நான்தாம்மா தப்பா எடுத்துட்டேன்" என்றாய். ஆண்டவரின் சித்தம் என்பது மடித்து வைத்த ஒரு காகிதம், தப்பாக எடுத்தால் குடும்பமே போய்விடும் என்று உனக்கு அன்றைக்கே பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ எதையும் எடுக்கவே இல்லை, மகனே. வெறுஞ்சீட்டிலேயே குடியிருக்கிறாய்.

நாம் எப்படி ஈப்போ வந்தோம் என்று யாராவது கேட்டால், ஆண்டவர் வழி திறந்தார் என்று நீ சொல்கிறாயாம். உன் செபக்கூட்டத்தில் சாட்சி சொன்னாய் என்று கேள்விப்பட்டேன். அவர் திறந்தாரோ இல்லையோ, தள்ளிக்கொண்டு போனது நான்தான், அதையும் சேர்த்துச் சொல்லு. கோயில் படியில் உன் அப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, நானும் செபம் செய்தேன். ஆனால் சீட்டு போடவில்லை. பாலுக்கு மரம் வெட்டப் போகும்போதெல்லாம் இரண்டையும் மனசில் வைத்துப் பார்த்தேன். தோட்டத்திலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தால் உடனே சுகமாக இருக்கும். பழகின வீடு, பழகின முகம். ஆனால் நிரையில் என் மரங்கள் முடிவதற்குள் அந்தச் சுகம் புளித்துவிடும், யார்மேலோ ஆத்திரம் வரும். ஈப்போ போகலாம் என்று நினைத்தால் பயமாக இருக்கும். ஆனால் பால் சேகரிக்கத் திரும்பி வரும்போது அந்தப் பயத்துக்கு அடியில் மனசு அமைதியாக இருக்கும். ஒரு நாள் இல்லை, பல நாள் இப்படியே பார்த்தேன். மனசு சோர்ந்து கிடந்த நாளில் பார்த்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு தெரிந்தவர்களைக் கேட்டேன். மளிகைக் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேகூடச் சொன்னார்: "லயம் இடிக்கிறது உண்மைதான், நீ பையனைப் படிக்க வை." எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நானே ஈப்போ போய், சிலிபினில் இந்த வீட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தேன்.

"அடுத்த சனிக்கிழம லோரி வருது. சாமான் கட்டணும்" என்றேன். உன் அப்பா என்னை ஏதோ பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஆண்டவர்கிட்ட கேட்டியா?" என்றார். "கேட்டேன்." "என்ன சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லல. ஒனக்கு மூளைய குடுத்திருக்கேன், பிள்ளைய குடுத்திருக்கேன், இன்னும் என்ன சொல்லணும்கிற மாதிரி இருந்துச்சு. அதான் நானே முடிவு பண்ணிட்டேன். தப்பா இருந்தா தடுத்துருங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்." லோரி வந்தது, யாரும் தடுக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைக்காதே. முதல் இரண்டு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன் அப்பாவுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. கோயில் இல்லை, மணி இல்லை, "உபதேசியாரே" என்று கூப்பிட ஆள் இல்லை. கூரை ஒழுகினாலும், உனக்கு அம்மை போட்டாலும், "தோட்டத்துல இருந்தா இது வருமா? உன்னாலதான்" என்பார். நான் வாங்கிக்கொண்டேன். முடிவு எடுத்தவள் நான்தானே. பிறகு மருத்துவமனைக் காவல் வேலை கிடைத்து, பங்குக் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து, மெல்ல மெல்ல மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சாவதற்கு முந்தின வருடம் ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே, "நல்ல வேள வந்தோம் லா" என்றார். 'நீ கூட்டிட்டு வந்தே' என்று சொல்லவில்லை. பரவாயில்லை, எனக்கு அதுவே போதும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். படிப்பு முடித்ததும் உனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் இடம் வந்தது, வங்கியிலும் கூப்பிட்டார்கள். எதற்குப் போவது என்று சகாய மாதாவுக்கு நவநாள் வைத்தாய். ஒன்பது வாரம். நான் நாலாவது வாரமே சொன்னேன், கல்லூரிக்காரன் கடிதத்தில் தேதி போட்டிருக்கிறான் பார் என்று. "விசுவாசம் இல்லாம பேசாதீங்கம்மா" என்றாய். நவநாள் முடிந்தபோது இரண்டு இடமும் போய்விட்டது. அடுத்த வருடம் மறுபடி மனு போட்டுத்தான் கல்லூரிக்குப் போனாய். அந்த ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்துகொண்டு, ஆண்டவர் கதவைச் சாத்திவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னாய். கதவை ஆண்டவர் சாத்தவில்லை, அருள். கடைசித் தேதி சாத்தியது.

பிலோமினா விஷயத்திலும் அதே கூத்துத்தான். பாடகர் குழுவில் அவளைப் பார்த்தது நீ, பேசியது நீ, வீட்டுக்கு அழைத்து வந்து "அம்மா, இவங்கதான்" என்று காட்டியது நீ. நாங்களாகப் பார்த்துக் கட்டிவைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் பேச்சு முற்றி, கோயிலில் கல்யாண ஓலை எழுதுகிற நேரத்தில், சாமியாராகப் போக அழைப்பு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது உனக்கு. சரி, வரட்டும். வந்தால் போய்க் கேள். பினாங்குக் குருமடம் என்ன சந்திரனிலா இருக்கிறது? ஒரு தடவை போய் அங்கே பெரிய சாமியாரிடம் பேசினாயா? இல்லை. மனுத் தாளையாவது வாங்கி வந்தாயா? அதுவும் இல்லை. குருத்துவத்துக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவில் முழங்காலில் நிற்கிறாய். வழியில் நிற்கிறவனால் மற்றவர்களும் போக முடியாது என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்க்கிறாயாம். பிலோமினாதான் சொன்னாள். முதல் தடவை யார் யாரைப் பெற்றார் என்ற வம்ச வரிசையில் விரல் விழுந்ததாம். ஒன்றும் புரியவில்லை என்று மூடிவிட்டாய். இரண்டாம் தடவை தொபியாசு சாராளைக் கல்யாணம் கட்டிக்கொள்கிற இடத்திலேயே விழுந்ததாம்! அதற்கு மேல் ஆண்டவர் என்ன செய்வார், பந்தல் போட்டுத் தருவாரா? நீ என்ன சொன்னாய்? "இது என் ஆசையே எனக்குக் காட்டுறதா இருக்கலாம்." உன் அப்பாவாவது பிடித்த சீட்டு வந்தால் சந்தோஷப்பட்டார். உனக்குப் பிடித்தது வந்தால் சந்தேகம் வருகிறது. உன் ஆசையை உனக்குள் வைத்தது யார் என்று ஒருநாளாவது யோசித்தாயா? ஆசை எல்லாம் சாத்தான் தந்தது, கசப்பு எல்லாம் ஆண்டவர் தந்தது என்று எந்தச் சாமியார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்?

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஆனால் பூசையில் காது கொடுத்துக் கேட்கிறவள். தேவதூதர் வந்தபோது மாதா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் வந்ததும் ஆகட்டும் என்றாள். நவநாள் முடியட்டும் என்று தேவதூதரை நிறுத்தி வைக்கவில்லை. பின்னால் என்னவெல்லாம் வரப்போகிறது என்று ஒரு வார்த்தை அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. சூசையப்பருக்காவது கனவு வந்தது. ஆனால் விழித்ததும் எழுந்து போய்த் தன் மனைவியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். இன்னொரு கனவு வந்தால் உறுதியாக இருக்கும் என்று திரும்பிப் படுக்கவில்லை. பரலோக மந்திரத்தில் தினமும் உமது சித்தம் நடக்கட்டும் என்கிறோம். அதை முன்கூட்டியே எனக்குத் தெரிவியும் என்று அதில் எங்கே இருக்கிறது?

கெட்டதா நல்லதா என்று தெரியாவிட்டால் பத்துக் கட்டளை இருக்கிறது, அதற்குச் சீட்டு வேண்டாம். இரண்டும் நல்லதாக இருக்கும்போதுதான் குழப்பம். அங்கே ஆண்டவர் உன்னை வேலைக்காரனைப்போல ஏவுவதில்லை, பிள்ளையைப்போலக் கேட்கிறார்: உனக்கு எது, சொல்லு. நீ எதை எடுத்தாலும் கூட வருவதற்கு அவர் தயாராக இருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். செபம் செய், யோசி, தெரிந்தவனைக் கேள், மனசு எங்கே போய் அமைதியாக உட்காருகிறது என்று பார். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் அதற்கும் ஒரு முடிவு உண்டு. கத்தியை மரத்தில் வைக்காமல் பால் இறங்காது. முதல் வெட்டில் மரத்துக்குக் காயம் படலாம். அதற்காகக் கத்தியைத் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கோப்பையில் மழைத் தண்ணீர்தான் நிறையும்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கசக்கும். நீ ஆண்டவரின் சித்தத்தைத் தேடவில்லை. தப்பாகப் போனால் பழி போடுவதற்கு ஆளைத் தேடுகிறாய். கல்யாணம் செய்து நாளைக்குச் சண்டை வந்தால், "அவர்தான் சொன்னார்" என்று கைகாட்ட வேண்டும். குருமடம் போய் மனசு ஒட்டாவிட்டால் அதற்கும் அவரைக் கைகாட்ட வேண்டும். அப்படி ஒரு எழுத்து மூலமான உத்தரவு கிடைக்கும்வரை நகர மாட்டேன் என்கிறாய். அதைப் பக்தி என்று ஊரார் சொல்லலாம். உன்னைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியும், அது பயம். பயப்படுவது பாவம் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பெண்ணின் நாலு வருடத்தைத் தீனி போட்டிருக்கிறாயே, அதற்கு என்ன பேர்? நம் வீட்டு ஆண்கள் முழங்காலில் இருக்கும் நேரமெல்லாம் யாராவது ஒரு பெண் வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். நானும் நின்றவள்தான். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு மழை கொஞ்சம் குறைந்ததும் பிலோமினாவை பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். குடைக்குள் நடக்கும்போது அவள் கேட்டாள்: "அத்தே, ஒண்ணு கேக்கவா? நான் இன்னும் காத்துக்கிட்டு இருக்கிறதுதான் கடவுளோட சித்தமா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. இவளுக்கும் அந்த நோயை ஒட்டவைத்துவிட்டாய். நான் சொன்னேன், "அவரு சித்தம் எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தோணுறத கேளு. அந்தத் தைப்பிங் பையன் எப்படி?" குடையை என் பக்கம் சாய்த்தாள். பிறகு, "நல்லாத்தான் பேசினாரு. அப்பாவுக்கு வேல இல்லன்னு தெரிஞ்சும் மரியாதையா பேசினாரு. நான் வேலைக்குப் போறதப் பத்தி என்னத்தான் கேட்டாரு, எங்கப்பாவ கேக்கல" என்றாள்.

அவள் என் வீட்டுக்கு மருமகளாக வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உனக்குத் தெரியும். உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது, வேலை முடிந்து வந்து அவருக்கு முகம் துடைத்துவிட்டவள் அவள். அவளைவிட நல்ல பெண் நம் வீட்டுக்குக் கிடைக்க மாட்டாள். அந்த ஆசையோடுதான் சொன்னேன்: "அப்ப ஞாயித்துக்கிழம சரின்னு சொல்லிரு. எங்க அருளுக்காக இனிமே நிக்காதே." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வரைக்கும் உனக்கு நேரம் இருக்கிறது. அவளைக் கட்டிக்கொள்ள மனசு இருந்தால் அன்றைக்குள் பத்து காஜா போய் அவள் அப்பாவிடம் கேள். குருமடம்தான் என்றால் அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா. எதைச் செய்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு. ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, அவள் தைப்பிங் போன பிறகு, "ஆண்டவர் சித்தம் அப்படி இருந்திருக்கிறது" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. அவளைப் போகச் சொன்னது ஆண்டவர் இல்லை. உன் அம்மா. எனக்கு யாரும் உத்தரவு தரவில்லை, நானாகச் சொன்னேன். அது தப்பு என்றால் அவர் முன்னால் நானே நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா